பீச் போய்ஸ் வீட்டுக் கடைசித் தம்பி: கார்ல் வில்சனைப் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு

என் மாமா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் அப்பு (பணியாள்) வேலை பார்த்தவர். ஒரு துரை மாறிப் போனபோது விட்டுப்போன சாமான்களோடு, பெயர் ஒட்டாத ஒரு கசெட்டும் அவர் கைக்கு வந்தது. எங்கள் லயத்தில் பல வருஷம் அது ஓடியது. ஆங்கிலப் பாட்டு. நாலைந்து குரல் ஒன்றாக ஏறும், பிரியும், மறுபடி வந்து சேரும். ஒரே ஆள்தான் குரலை மாற்றி மாற்றிப் பாடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு குடும்பம் என்றும், அதில் என் மனதைப் பிடித்த குரல் கடைசித் தம்பியுடையது என்றும் தெரிய வந்தபோது எனக்கு முப்பது வயது. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

குழுவின் பெயர் பீச் போய்ஸ். 1961இல் கலிபோர்னியாவின் ஹோதோர்ன் என்ற ஊரில் தொடங்கியது. பிரயன், டெனிஸ், கார்ல் என்ற மூன்று அண்ணன் தம்பிகள், அவர்களுடைய மச்சான் மைக் லவ், கூட்டாளி அல் ஜார்டின். பாட்டுக் கட்டியவர் மூத்தவர் பிரயன். உலகம் முழுக்க மேதை என்று அவரைத்தான் சொல்கிறது, அது சரிதான். நடுவில் பிறந்த டெனிஸ் ட்ரம்ஸ் அடித்தவர், ரசிகர்களின் கண் அவர் மேல் இருந்தது. மேடையின் முன்னால் நின்று கூட்டத்தோடு பேசியவர் மைக். இவர்களுக்கு நடுவே கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்ற கார்லை நிறையப் பேர் பார்த்தார்கள், கவனித்தவர்கள் குறைவு. 1946 டிசம்பர் 21இல் பிறந்தவர். குழு தொடங்கியபோது வயது 14.

முதலில் குரல்களைப் பிரித்துப் பழகுங்கள்

இதைச் செய்யாமல் கார்லிடம் நேரே போகாதீர்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் குரல் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தக் கலப்புத்தான் இந்தக் குழுவின் அழகு, புதியவருக்கு அதுதான் தடையும்.

ஒரு மாலையில் ஐந்து பாட்டை வரிசையாகக் கேளுங்கள். ‘ஃபன், ஃபன், ஃபன்’ (1964) மைக் பாடுவது. கொஞ்சம் மூக்கால் வரும், சொற்களைப் படபடவென்று உதிர்க்கும் குரல். ‘டோன்ட் வொரி பேபி’ (1964) பிரயனுடையது. கள்ளக்குரலில் மேலே போய் அங்கேயே நிற்கும். ‘ஹெல்ப் மீ, ரோண்டா’ (1965) அல் பாடியது, பளிச்சென்று இருக்கும். ‘ஃபோரெவர்’ (1970) டெனிஸ். கரகரப்பும் ஏக்கமும் கலந்த குரல், ஒரு தடவை கேட்டால் மறக்காது. ஐந்தாவதாக ‘காட் ஒன்லி நோஸ்’ (1966) போடுங்கள். அதுதான் கார்ல்.

இந்த ஐந்தையும் மூன்று நாள் மாற்றி மாற்றிக் கேட்டால் போதும். நாலாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு, ‘இது யார்?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கார்லின் குரலுக்கு என் அடையாளம் இது: வட்டமானது. எந்தச் சொல்லின் ஓரமும் குத்தாது. மேலே போகும்போது மெலியாது, கீழே வரும்போது உறுமாது. மூச்சுச் சத்தம் லேசாகக் கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல.

கேட்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தகரத்தில் மழை அடிக்கும்போது கார்லைக் கேட்காதீர்கள். மைக்கின் குரல் மழையைத் தாண்டி வரும், கார்லின் குரல் வராது. விடிய முன்னால், பிரட்டுக்கு (காலைப் பெயர் பதிவுக்கு) ஆள் கிளம்பாத நேரம்தான் எனக்குத் தோது. தோட்டத்தில் சிக்னல் எப்படி என்பது உங்களுக்கே தெரியும். ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போகும் நாளில் பாட்டுகளை போனில் இறக்கி வைத்துவிடுங்கள். பாட்டு நடுவில் சுற்றிக்கொண்டு நின்றால் இந்த இசை உடைந்துபோகும்.

ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யாமல் போயிருந்தால் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவைத் தேடி எடுங்கள். ‘காட் ஒன்லி நோஸ்’ இருக்கும் ‘பெட் சவுண்ட்ஸ்’ அல்பம் 1966 மே மாதம் மோனோவில்தான் வந்தது. பிரயனுக்கு ஒரு காது கேட்காமல் இருந்தது, அவர் மனதில் அது மோனோ இசையாகத்தான் இருந்தது. ஸ்டீரியோ பதிவு முப்பது வருஷம் கழித்துத்தான் செய்யப்பட்டது. ஒரு காதில் ஸ்டீரியோ கேட்டால் பாதிக் குரல் காணாமல் போய்விடும்.

‘காட் ஒன்லி நோஸ்’: இங்கே அவசரம் வேண்டாம்

மூன்று நிமிடம்கூட இல்லாத பாட்டு. நான் ஒரு வாரம் இதை மட்டும் கேட்டேன். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

இதைத் தானே பாடுவதாக இருந்து, கடைசியில் தம்பிக்குக் கொடுத்தார் பிரயன். தம்பிக்கு அப்போது 19 வயது. உன்னை எப்போதும் நேசிப்பேன் என்று சொல்ல முடியாது என்ற கருத்தோடு தொடங்கும் காதல் பாட்டு இது. இப்படித் தொடங்கும் பாட்டை உருக்கமாக இழுத்துப் பாடினால் பொய்யாகிவிடும். கார்ல் இழுக்கவில்லை. முதல் வரியை, பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்கிறார். ஃப்ரெஞ்ச் ஹோர்ன் முன்னால் ஊதி முடிந்த கையோடு, கதவை மெதுவாகத் தள்ளிக்கொண்டு குரல் உள்ளே வருவதைக் கவனியுங்கள்.

முதல் தடவை சொல்லைக் கேளுங்கள். இரண்டாம் தடவை மூச்சைக் கேளுங்கள், எந்த இடத்தில் எடுக்கிறார் என்று. மூன்றாம் தடவை பின்னால் வரும் குரல்களை. ‘பெட் சவுண்ட்ஸ்’ பதிவு வேலைகளைத் தொகுத்து 1997இல் ஒரு சிடிப் பெட்டி வெளிவந்தது. அதில் வாத்தியங்களை நீக்கிக் குரல்களை மட்டும் வைத்த பதிவுகள் உண்டு. கிடைத்தால் விடாதீர்கள். வாத்தியம் இல்லாத அந்த வெறுங்குரலில்தான் 19 வயதுப் பையன் எவ்வளவு நிதானமாக நின்றிருக்கிறான் என்பது புரியும்.

போல் மெக்கார்ட்னிக்கு மிகப் பிடித்த பாட்டுகளில் இது ஒன்று என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பாராட்டு பெரும்பாலும் பாட்டைக் கட்டியவருக்கே போகும். பாடியவருக்கும் பங்கு உண்டு என்று நான் எப்போதும் வாதாடுவேன்.

பிறகு இந்த வரிசையில் போங்கள்

‘குட் வைப்ரேஷன்ஸ்’ (1966) உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். அதில் முன்னிசை கிடையாது, நேரே குரல்தான். அந்தக் குரல் கார்ல். இனி அதைக் கேட்கும்போது பேர் சொல்லிக் கேட்பீர்கள்.

1967இல் வந்த ‘வைல்ட் ஹனி’, ‘டார்லின்’ இரண்டையும் அடுத்து கேளுங்கள். மென்மையாகப் பாடுகிறவர் என்று நீங்கள் முடிவு கட்டியிருந்தால் அது இங்கே மாறும். கறுப்பின மக்களின் சோல் பாட்டுகளில் ஊறி வந்த தொண்டை, கத்தி முழங்குகிறது.

‘ஐ கேன் ஹியர் மியூசிக்’ (1969) ரொனெட்ஸ் பெண்கள் 1966இல் பாடிய பாட்டு. கார்ல் பாடியதோடு பதிவு வேலையையும் தானே பார்த்தார். நடுவில் வாத்தியம் எல்லாம் ஓய்ந்து குரல்கள் மட்டும் நிற்கும் ஓர் இடம் வரும். அண்ணன் வகுத்த வழியைத் தம்பி எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘திஸ் ஹோல் வேர்ல்ட்’ (1970) இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. சுருதி இடம் மாறிக்கொண்டே போகும் பாட்டு. பாடிப் பார்த்தவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கார்ல் படி ஏறுவது போல ஏறிப்போகிறார்.

அடுத்து ‘சர்ஃப்ஸ் அப்’ (1971). இதன் கதையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். 1966இல் பிரயன் தொடங்கிய பெரிய அல்பம் ஒன்று முடியாமல் கிடப்பில் போனது, அவர் மனதும் அதோடு நொந்தது. அதிலிருந்த இந்தப் பாட்டை ஐந்து வருஷம் கழித்து எடுத்து முடிக்க முன்னின்றவர் கார்ல். பழைய வாத்தியப் பதிவின் மேல் முதல் பாதியைத் தான் பாடினார். இரண்டாம் பாதிக்கு, 1966இல் பியானோவோடு தனியே பாடி வைத்திருந்த அண்ணனின் குரலையே வைத்தார். பாட்டின் நடுவில் தம்பியின் குரல் நின்று அண்ணனின் குரல் தொடங்கும். அந்தத் தையல் எங்கே என்று நீங்களே கண்டுபிடியுங்கள், நான் சொல்ல மாட்டேன்.

அதே அல்பத்தில் ‘லோங் பிரொமிஸ்ட் ரோட்’, ‘ஃபீல் ஃப்ளோஸ்’ இரண்டும் கார்ல் இசையமைத்தவை. முதலாவதில் அநேகமாக எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்தார். இரண்டாவதைக் கேட்கச் சரியான இடம் எங்கள் பக்கத்து மிஸ்ட் இறங்கும் பின்னேரம்தான்.

‘த ட்ரேடர்’ பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாட்டை நான் தனியாக வைத்திருக்கிறேன். 1973இல் வந்த ‘ஹோலண்ட்’ அல்பத்தில் இருக்கிறது. குழு குடும்பம் குட்டியோடு நெதர்லாந்துக்குப் போய்த் தங்கிச் செய்த அல்பம் அது. இசை கார்லுடையது, வரிகள் அப்போதைய குழு மேலாளர் ஜாக் ரீலியுடையவை. தொடக்கத்தில் ஒரு குழந்தை ‘ஹாய்’ என்று சொல்லும். அது கார்லின் சின்ன மகன்.

கடல் கடந்து நிலம் தேடிப் போகும் ஒரு வணிகனின் கதை. அவன் கண்டுபிடித்ததாகச் சொல்லும் நிலத்தில் ஏற்கெனவே மக்கள் இருக்கிறார்கள். அவர்களை அவன் மனிதராக எண்ணவில்லை. பாட்டின் முதல் பாதி வேகமாக ஓடுகிறது, அவன் அவசரம் அப்படி. பிறகு வேகம் அடங்கி, இரண்டாம் பாதி வேறொரு பாட்டைப் போல மெதுவாக, உள்ளே திரும்பிப் பேசுகிறது.

கார்ல் எங்களைப் பற்றிப் பாடவில்லை. ஆனாலும் காட்டை அழித்துக் கோப்பி போட்ட காலத்தில் கடலைத் தாண்டி நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், அங்கே மண் வெட்டினவர்களின் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை. இந்த அல்பம் வெளிவந்த அந்த 1973இலும் எங்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் செய்த 1964ஆம் வருஷ ஒப்பந்தப்படி எங்கள் சனம் காம்பிராவை (லயத்து அறையை) விட்டுவிட்டு, அழுதுகொண்டே கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் ஒருவர் வணிகனின் கணக்கைப் பாட்டில் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம். குரலில் கோபம் இருக்கிறது, சத்தம் இல்லை. வரிகளை முதலில் வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆளும் அப்படித்தான். வியட்நாம் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது மனச்சாட்சி ஒப்பவில்லை என்று மறுத்து, 1967இல் கைதாகி, வருஷக்கணக்கில் வழக்காடினார். மென்மையாகப் பேசுகிற ஆளின் உறுதியை இந்தப் பாட்டில் நான் கேட்கிறேன்.

கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு

‘ஃபன், ஃபன், ஃபன்’ தொடக்கத்தில் வரும் கிட்டார் கார்லுடையது. சக் பெரியின் கைவரிசையை அவர் எவ்வளவு பழகியிருக்கிறார் என்பது அதில் தெரியும். அதைப் பழக இப்படிச் செய்யுங்கள். மேல்சுருதிக் கம்பிகள் இரண்டையும் ஒரே விரலால் படுக்கவைத்து அமுக்கி, இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். முதலில் பாட்டின் பாதி வேகத்தில், காலால் தாளம் போட்டுக்கொண்டு. இரண்டு கம்பியும் ஒரே சத்தத்தில் வரும் வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். புதியவர்கள் எல்லோரும் விரலின் நுனியில் அழுத்தம் கொடுப்பார்கள், அடியில் கிடக்கும் கம்பி செத்துப்போகும். விரலைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள்.

பன்னிரண்டு கம்பிக் கிட்டாரை அந்தக் குழுவின் இசைக்குள் கொண்டுவந்ததிலும் அவர் கை இருக்கிறது. ‘டான்ஸ், டான்ஸ், டான்ஸ்’ (1964) கேளுங்கள், அதை எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதற்காகப் பன்னிரண்டு கம்பி வாங்கப் போக வேண்டாம். ஆறு கம்பியில் சுத்தமாக வாசித்தால் போதும்.

1964 கடைசியில் பிரயன் மேடைப் பயணங்களை விட்டார். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போன குழுவின் இசைப் பொறுப்பு மெல்ல மெல்லக் கார்லின் தோளில் விழுந்தது. அப்போது வயது 18. ஆகவே அவருடைய தனி வாசிப்பைத் தேடி ஏமாறாதீர்கள். பாடகருக்கு இடம் விட்டு, தாளத்தைத் தளரவிடாமல் அடிக்கும் அந்த ஸ்ட்ரமைக் கேளுங்கள். அதைக் கேட்க ‘இன் கொன்சர்ட்’ (1973) என்ற மேடைப் பதிவு நல்லது. ‘த ட்ரேடர்’, ‘டார்லின்’ இரண்டும் அதில் உண்டு.

எங்கள் குளிரில் கிட்டாரைப் பார்த்துக்கொள்வது தனி வேலை. காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறவர்கள் தோல் இறுக அதைத் தீயில் காய்ச்சுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நானும் ஒரு தடவை, ஈரம் ஏறிய கிட்டாரை அடுப்புப் பக்கம் வைத்தேன். மூன்று நாளில் பிரிட்ஜ் பக்கம் பசை விட்டுவிட்டது. மரத்துக்குச் சூடு ஆகாது. பையில் இருந்து எடுத்து அரை மணித்தியாலம் அறையில் வைத்துவிட்டுச் சுருதி சேருங்கள், குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி மேலே போயிருக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பழந்துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியும் மேலுமாகத் துடையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துக் கிட்டார்ப் பையில் போடுங்கள். துடைக்காத கம்பி நுவரெலியாப் பக்கத்தில் ரெண்டு கிழமையில் துருப்பிடிக்கும்.

கடைசிப் பகுதி

1981இல் கார்ல் குழுவை விட்டு விலகித் தன் பெயரில் ஓர் அல்பம் போட்டார், அடுத்த வருஷமே திரும்பி வந்தார். அந்த அல்பத்தில் எனக்கு ஒரு பாட்டுப் போதும்: ‘ஹெவன்’. 1983 டிசம்பரில் டெனிஸ் கடலில் மூழ்கி இறந்த பிறகு, மேடையில் அந்தப் பாட்டை அண்ணனுக்கென்று சொல்லிப் பாடினார். 1988இல் உலகமெல்லாம் ஓடிய ‘கோகோமோ’வில் பல்லவிக்குள் உயர எழும்பும் குரலும் அவர்தான். தெரிந்துகொண்டு மேலே போங்கள்.

வேறு ஆட்களின் பாட்டிலும் தேடலாம். எல்டன் ஜோனின் ‘டோன்ட் லெட் த சன் கோ டவுன் ஒன் மீ’ (1974) பாட்டில் பின்னணிக் குரல்களில் கார்ல் இருக்கிறார். முதலில் குரல்களைப் பிரிக்கப் பழகியது இங்கே உதவும்.

நுரையீரல் புற்றுநோய் வந்தும் 1997ஆம் வருஷக் கோடைப் பயணம் முழுக்க மேடை ஏறினார். நிற்க உடம்பில் பலமில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தார். ‘காட் ஒன்லி நோஸ்’ வந்தபோது மட்டும் எழுந்து நின்று பாடினார். 1998 பெப்ரவரி 6இல் இறந்தார். வயது 51. இதைப் படித்துவிட்டு அந்த 19 வயதுப் பதிவை மறுபடி போடுங்கள்.

மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது

ஒரு தடவையில் மூன்று பாட்டுக்கு மேல் போடாதீர்கள். பாட்டு ஓடும்போது விளக்கம் சொல்லாதீர்கள், நான் அப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டு கூட்டாளிகளை விரட்டியிருக்கிறேன். இங்கிலிஷ் விளங்காது என்று தயங்குகிறவருக்கு ‘ஐ கேன் ஹியர் மியூசிக்’ போடுங்கள். தப்பு அடிக்கிற பிள்ளைகளுக்கு ‘டார்லின்’. கோயில் பஜனையிலோ சர்ச் கொயரிலோ பாடுகிறவர்களுக்கு எதைப் போட்டாலும் பிடித்துக்கொள்வார்கள், அவர்கள் காது ஏற்கெனவே பழகியது.

மூன்று பேர் சேர்ந்தால் ‘காட் ஒன்லி நோஸ்’ முடிவைப் பாடிப் பாருங்கள். ஒருவர் வரியை முடிக்க முன்னால் அடுத்தவர் நுழைய வேண்டும், அவர் முடிக்க முன்னால் மூன்றாமவர். சொற்கள் ஒருவரை ஒருவர் துரத்தும். உயரக் குரலுக்கு ஆள் சுலபமாகக் கிடைக்கும். கஷ்டம் நடுக்குரலுக்குத்தான், இரண்டு பக்கமும் இழுக்கும், எந்தப் பக்கமும் சாயக் கூடாது. எங்கள் வீட்டில் அதைத் தங்கச்சி மகன் பாடுகிறான். முதல் கிழமை முழுக்க அக்காவின் குரலோடு போய் ஒட்டிக்கொண்டான். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு பாடச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை, குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதித்துக்கொண்டிருக்கையில், கையை எடுத்துவிட்டுப் பாடினான். ஆறு தடவை சுற்றி வந்தோம், அவன் அசையவில்லை.